பில்லில் வாட் இருக்கிறது, ஓம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரோடு வந்த கம்பெனி மியூசிக் செட்டைக் கழற்றாமல் ஆம்ப்ளிஃபயர் மட்டும் சேர்க்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, ஸ்பீக்கரின் வாட்டுக்கு ஏற்ற ஆம்ப் வாங்கிப் பொருத்தினால் போதும் என்று உங்கள் வாகனப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. சேர்க்கலாம் என்பது சரி. போதும் என்பதுதான் சரியில்லை. வாட் கொஞ்சம் முன்பின் இருந்தால் சத்தம் குறையும், அல்லது கரகரப்பு கேட்டு நாமே வால்யூமைக் குறைத்துவிடுவோம். ஓம், அதாவது கரன்ட் ஓட்டத்தை ஸ்பீக்கர் தடுக்கும் அளவு, தவறினால் ஆம்ப் போகும். சில வண்டிகளில் கம்பெனி செட்டும் கூடவே போகும். இன்றைய கம்பெனி செட் வெறும் பாட்டுப் பெட்டி இல்லை. ரிவர்ஸ் கேமராவும் போன் இணைப்பும் வண்டியின் செட்டிங்குகளும் அதற்குள்தான் இருக்கின்றன. அதை மாற்ற ஆகும் செலவில் நல்ல ஆம்ப் ஒன்றுக்கு இரண்டாக வாங்கலாம். அதனால் கடிதம் நீள்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்ப் கொடுப்பது வோல்டேஜ். வால்யூம் ஒரே இடத்தில் நின்றால், எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் அது கொடுக்கும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு கரன்ட் ஓடும் என்பதை ஸ்பீக்கரின் ஓம் முடிவு செய்கிறது. 14 வோல்ட் வரும் இடத்தில் 4 ஓம் ஸ்பீக்கர் இருந்தால் 3.5 ஆம்பியர், 49 வாட். 2 ஓம் என்றால் 7 ஆம்பியர், 98 வாட். 1 ஓம் என்றால் 14 ஆம்பியர், 196 வாட். தாளில் பார்த்தால் ஓம் குறையக் குறைய லாபம். "1 ஓமுக்கு இறக்கிக் கட்டினால் ஆயிரம் வாட்" என்று விற்பனையில் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் அந்தக் கரன்ட் முழுவதும் ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர்களைக் கடந்து போக வேண்டும். அவை எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் ஸ்பீக்கர் டெர்மினலுக்குப் பக்கத்தில் "ஸ்டீரியோ 2 ஓம், பிரிட்ஜ் 4 ஓம்" என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஸ்டீரியோ என்றால் ஒரு சேனலுக்கு (ஒலி வெளிவரும் தனி வழிக்கு) ஒரு ஸ்பீக்கர்; பிரிட்ஜ் என்றால் இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுப்பது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டைவிட முக்கியமான வரி அது.

ஓம் கூடினால் ஆபத்தில்லை. 4 ஓமுக்குச் செய்த ஆம்பில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் பவர் ஏறக்குறையப் பாதியாகும், அதாவது 3 டெசிபெல் குறையும். வேறு கெடுதல் கிடையாது. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று யாரும் தேடி அலைய வேண்டாம். ஆம்ப் ஏற்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே ஸ்பீக்கர் கூட்டத்தின் மொத்த ஓம் இறங்கக் கூடாது, அவ்வளவே. மைக் செட் வேலையில் 100 வோல்ட் லைனில் ஹாரன்களை வரிசையாக மாட்டும்போது ஒவ்வொன்றிலும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அங்கே வாட்டைக் கூட்டிப் பார்த்து ஆம்போடு ஒப்பிடுவது சரியான முறை. அந்தத் தொழிலிலிருந்து கார் வேலைக்கு வருகிறவர்களுக்கு வாட்டைக் கூட்டும் கை பழகிப்போயிருக்கும். காரில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. இங்கே ஓமைத்தான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் கம்பெனி செட்டைப் பார்ப்போம். "50 வாட் இன்டு 4" என்று போட்டிருந்தாலும் அதை நம்பிப் பயனில்லை. என்ஜின் ஓடும்போது கிடைப்பது 13.8 முதல் 14.4 வோல்ட். 7388 போன்ற ஐசி (ஒலியைப் பெருக்கும் சில்லு) பொருத்திய செட்டுகளில் வோல்டேஜை ஏற்றும் தனி சப்ளை எதுவும் இல்லை. பேட்டரி வோல்டேஜைத்தான் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மாறி மாறித் தள்ளுகிறது. உச்சம் 14.4 வோல்ட் என்றால் ஆர்எம்எஸ் (ஏறி இறங்கும் அலையின் பயனுள்ள அளவு) கணக்கில் சுமார் 10.2 வோல்ட். 4 ஓமில் அது 26 வாட். ஐசிக்குள் ஆகும் இழப்பைக் கழித்தால் சிதையாமல் வருவது 18 முதல் 22 வாட். மீதி எண்ணெல்லாம் அலையைச் சதுரமாக நசுக்கி எடுத்த கணக்கு.

அந்த 20 வாட்டுக்காக வடிவமைத்த சேனலில்தான் நம் ஊரில் கூடுதல் ஸ்பீக்கரைத் தொங்கவிடுகிறார்கள். விலை குறைந்த மாடலில் முன் கதவில் மட்டும் ஸ்பீக்கர் வரும். பின் கதவுக்கும் வேண்டும் என்று கேட்டால், முன் கதவு ஒயரிலேயே பாரலலாக (அதே இரண்டு முனைகளில் பக்கம் பக்கமாக) ஒரு ஜோடி மாட்டிக் கொடுப்பார்கள். 4 ஓமும் 4 ஓமும் பாரலலில் 2 ஓம் ஆகிறது. 4 ஓமுக்கு மட்டும் செய்த ஐசியாக இருந்தால் மெதுவாகக் கேட்கும்வரை ஒன்றும் தெரியாது. மதிய வெயிலில் நின்ற வண்டியை எடுத்துச் சத்தம் வைத்தால் பாஸ் விழும் இடத்தில் எல்லாம் ஒலி வெட்டும். அது ஐசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை. பல மாதம் அப்படியே ஓட்டினால் ஒருநாள் ஒரு பக்கம் நிரந்தரமாக மௌனமாகிவிடும். பின் கதவுக்கு ஸ்பீக்கர் வேண்டுமென்றால் செட்டின் பின்பக்கக் கப்ளரில் (ஒயர்கள் செருகும் இணைப்பில்) பின் சேனலுக்கான நான்கு பின்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான செட்டுகளில் இருக்கும். ஒயர் இழுக்கும் வேலை மட்டுமே மிச்சம்.

வெளிச்சந்தையில் கிடைக்கும் சில ஸ்பீக்கர்கள் 4 ஓமே இல்லை. 3 ஓம், சில 2 ஓம். கம்பெனியின் மெல்லிய கதவு ஒயரில் இழக்கும் ஒலியை ஈடுகட்டவும், கடையில் மாட்டிக் காட்டும்போது பக்கத்து ஸ்பீக்கரைவிடச் சத்தமாகக் கேட்கவும் இது உதவுகிறது. வாங்கும் முன் காந்தத்தின் பின்னால் ஒட்டிய தாளைத் திருப்பிப் பாருங்கள்.

இனி அளப்பது. இதை அவசரப்பட்டுச் செய்தால் மற்றதெல்லாம் வீண். சாவியை எடுத்துவிட்டு, செட்டின் பின்னால் உள்ள கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கக் கப்ளரில் ஸ்பீக்கர் ஜோடிகளை அளக்க வேண்டும். செட் மாட்டியிருக்கும்போது ஓம் அளந்தால் வரும் எண் ஸ்பீக்கருடையது மட்டும் ஆகாது. மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2 முதல் 0.5 வரை ஏதோ ஒரு எண் காட்டும். அது புரோப் ஒயரின் ஓம். ஒவ்வொரு அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரில் இந்தச் சிறு எண் அலட்சியப்படுத்தும் அளவு இல்லை. 2 ஓமில் முடிவையே மாற்றிவிடும். கதவை மூடி, பாட்டு எதுவும் இல்லாமல், கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) அசையாமல் இருக்கும்போது எண்ணைப் பாருங்கள். கோன் அசைந்தால் அதோடு ஒட்டிய கம்பிச் சுருளான காயிலே கரன்ட் உண்டாக்கி மீட்டரை ஆட்டும்.

மீட்டர் காட்டுவது காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ், அதாவது ஒரே திசையில் ஓடும் கரன்ட்டுக்கு அது காட்டும் தடை. பெயரளவு ஓம் இதைவிடச் சற்று அதிகம். 3.2 முதல் 3.7 வரை காட்டினால் 4 ஓம் ஸ்பீக்கர். 2.4 முதல் 2.8 என்றால் 3 ஓம். 1.6 முதல் 1.9 என்றால் 2 ஓம். 6 முதல் 7.2 என்றால் 8 ஓம். பாட்டு ஓடும்போது இந்த எண் நிலையாக இருப்பதில்லை. ஊஃபரின் (கீழ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரின்) இயல்பான அதிர்வெண் அருகே 20, 30 ஓம் வரை ஏறிவிட்டுப் பின் இறங்கும். கீழே எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு மட்டும் வரம்பு உண்டு: சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60268-5 தரநிலைப்படி, குறிப்பிட்ட ஓமின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 4 ஓமுக்கு அது 3.2. காயில் சூடானால் ஓம் மேலே போகும், கீழே வராது. செம்புக்கு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். ஆகவே குளிர்ந்த நிலையில் அளந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் பாதுகாப்பான பக்கத்தில் இருப்போம். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரில் 1.5 காட்டினால் காயிலின் சுற்றுகள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன என்று பொருள். சத்தம் வந்தாலும் அதைப் புது ஆம்பில் மாட்டக் கூடாது.

கதவு ஊஃபரும் கண்ணாடி ஓரத்தில் உயர்ந்த ஒலிக்கான சின்ன ட்வீட்டரும் பெரும்பாலான கார்களில் ஒரே ஜோடி ஒயரில் பாரலலாக வருகின்றன. ட்வீட்டரின் முதுகில் சின்ன கெபாசிட்டர் ஒன்று இருக்கும், 3.3 அல்லது 4.7 மைக்ரோஃபேரட் அதிகம் பார்க்கலாம். டிசியை அது தடுத்துவிடுவதால் மீட்டர் ஊஃபரை மட்டும் காட்டும். இரண்டு ஸ்பீக்கர் இருக்கிறதே, அப்படியானால் 2 ஓம்தானே என்று பயப்படத் தேவையில்லை. 4.7 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் 4 ஓம் ட்வீட்டரைச் சுமார் 8,500 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் உள்ளே விடுகிறது. அந்த உயரத்தில் ஊஃபர் காயிலின் இண்டக்டன்ஸ் (உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் குணம்) அதன் ஓமை ஏற்கெனவே உயர்த்தியிருக்கும். பாட்டில் பவரைச் சாப்பிடும் கீழ்ப் பகுதியில் ஆம்புக்குத் தெரிவது ஊஃபரின் 4 ஓம் மட்டுமே. ட்வீட்டர் மாற்றும்போது அந்தக் கெபாசிட்டரைப் பழைய ட்வீட்டரோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, புது ட்வீட்டரை நேரடியாக மாட்டுவதுதான் உண்மையான ஆபத்து. அப்போது எல்லா அதிர்வெண்ணிலும் 2 ஓம். ட்வீட்டரும் சில பாட்டுகளிலேயே கருகும்.

ஓம் பார்த்து முடித்ததும் ஒரு புரோபை வண்டியின் பாடியில் வைத்து, மற்றதை ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரிலும் தொடுங்கள். மீட்டர் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் எங்கோ ஒயரின் தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது; கதவு மடியும் இடத்து ரப்பர் குழாய்க்குள்தான் முதலில் தேட வேண்டும். கதவைத் திறந்து மூடியபடியே அளந்தால், உள்ளே ஒடிந்தும் ஒடியாமலும் இருக்கும் ஒயரும் சிக்கும்.

போஸ் போன்ற பிராண்டு பெயர் போட்ட கம்பெனி சிஸ்டங்களில் கதை வேறு. செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ கம்பெனியின் தனி ஆம்ப் இருக்கும். செட்டின் கப்ளரில் அளந்தால் ஸ்பீக்கர் தெரியாது. அந்த ஆம்பின் அவுட்புட் கப்ளரில்தான் அளக்க வேண்டும். இத்தகைய சிஸ்டங்களில் 2 ஓமும் அதற்குக் கீழும் உள்ள ஸ்பீக்கர்கள் உண்டு. அவற்றை எடுத்துவிட்டு 4 ஓம் மாட்டினால் ஏதும் கெடாது, சத்தம் மட்டும் குறையும். "காசு போட்டும் முன்னைவிட மோசம்" என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. மாறாக, அந்தக் கம்பெனி ஸ்பீக்கர்களை அப்படியே வைத்துக்கொண்டு, 4 ஓமுக்கு மட்டும் தாங்கும் வெளி ஆம்பை மாட்டினால் ஆம்ப் போகும். இந்த வகை வண்டியில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக ஒலி செதுக்கியிருப்பார்கள் என்பதால், டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகச் சரிசெய்யும் கருவி) இல்லாமல் கை வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

அளந்தாகிவிட்டது. சாதாரண கார், நான்கு கதவிலும் 4 ஓம், டிக்கியில் பாஸுக்கென்று ஒரு சப்ஊஃபர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சேனல் ஆம்ப் ஒன்று போதும். இப்படிப்பட்ட ஆம்பின் தாளில் எண்கள் இந்த மாதிரி இருக்கும்: 4 ஓமில் 75 வாட் இன்டு 4, 2 ஓமில் 100 வாட் இன்டு 4, பிரிட்ஜ் செய்தால் 4 ஓமில் 200 வாட் இன்டு 2. முதல் இரண்டு சேனலை முன் கதவுகளுக்கும், மூன்றாவதையும் நான்காவதையும் பிரிட்ஜ் செய்து சப்ஊஃபருக்கும் கொடுக்கலாம். பின் கதவுகள் கம்பெனி செட்டிலேயே இருக்கட்டும். முன் சீட்டில் இருப்பவருக்குப் பின்னால் வரும் 20 வாட் தாராளம்.

தாளில் உள்ள அந்த 200 எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். 2 ஓமில் 100 வாட் கொடுக்கும் இரண்டு சேனல்களின் கூட்டுத்தொகை அது. பிரிட்ஜ் செய்யும்போது இரண்டு சேனலும் எதிரெதிர்த் திசையில் ஒரே ஸ்பீக்கரைத் தள்ளுகின்றன. அதனால் ஒவ்வொரு சேனலும் அந்த ஸ்பீக்கரின் பாதி ஓமைத்தான் உணர்கிறது. 4 ஓம் சப்ஊஃபரைப் பிரிட்ஜில் மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓம். 2 ஓம் சப்ஊஃபரை மாட்டினால் ஒவ்வொன்றுக்கும் 1 ஓம். "இந்த ஆம்ப் 2 ஓம் தாங்கும்" என்று விற்பவர் சொல்லும்போது ஸ்டீரியோவிலா பிரிட்ஜிலா என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான் இத்தனை ஆம்ப்கள் ரிப்பேருக்கு வருகின்றன.

டூயல் காயில் சப்ஊஃபரில் இன்னொரு சிக்கல். பெட்டியில் "4 ஓம்" என்று மட்டும் போட்டிருக்கும். அது ஒரு காயிலின் ஓம். இரண்டு காயிலையும் சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கட்டினால் 8, பாரலலில் கட்டினால் 2. இரண்டையும் எப்படிக் கட்டினாலும் 4 கிடைக்காது. மேலே சொன்ன ஆம்புக்கு 4 ஓம் வேண்டுமென்றால் டூயல் 2 ஓம் சப்ஊஃபர் வாங்கிச் சீரீஸில் கட்ட வேண்டும்: ஆம்பின் பாசிட்டிவிலிருந்து முதல் காயிலின் பாசிட்டிவ், முதல் காயிலின் நெகட்டிவிலிருந்து இரண்டாவதின் பாசிட்டிவ், இரண்டாவதின் நெகட்டிவ் திரும்ப ஆம்புக்கு. ஏற்கெனவே டூயல் 4 வாங்கிவிட்டவர் 8 ஓமில் கட்டிக்கொள்ளலாம். பிரிட்ஜில் சுமார் 150 வாட் வரும். சின்னக் காருக்கு அது குறைவான ஒலியும் இல்லை. இரண்டு டூயல் 4 சப்ஊஃபர் இருந்தால் வழி சுலபம். ஒவ்வொன்றின் காயில்களையும் சீரீஸில் 8 ஆக்கி, இரண்டையும் பாரலலில் சேர்த்தால் சரியாக 4. எல்லாக் காயிலையும் பாரலலில் போட்டால் 1 ஓம். அது 1 ஓம் தாங்கும் மோனோ பிளாக்குக்கு (ஒரே சேனல் உள்ள ஆம்புக்கு) மட்டும். இரண்டு டூயல் 2 இருந்தால் 8, 2, அரை என்று மூன்று வழிதான் உண்டு, 4 வராது. ஒரு சப்ஊஃபரா, இரண்டா, எந்தக் காயில் என்பதை ஆம்பின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டிய காரணம் இதுதான். முதலில் சப்ஊஃபர், அப்புறம் ஆம்ப் என்று தனித்தனிச் சலுகை விலையில் வாங்கிச் சேர்ப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

குறுக்கு வழிகள் மூன்று புழக்கத்தில் இருக்கின்றன. டூயல் 4 சப்ஊஃபரில் ஒரு காயிலை மட்டும் மாட்டி "4 ஓம் ஆச்சு" என்பது ஒன்று. ஓம் கணக்கு சரிதான். ஆனால் வெப்பம் முழுவதும் பாதிச் செம்பில் விழுகிறது. தாங்கும் வாட்டும் பாதி. 400 வாட் என்று நம்பி 200 வாட் காயிலை வேக வைப்பார்கள். இரண்டாவது, 2 ஓம் ஸ்பீக்கரோடு 2 ஓம் சிமென்ட் ரெசிஸ்டரைச் சீரீஸில் போட்டு 4 ஆக்குவது. ஆம்ப் பிழைக்கும்; வரும் பவரில் பாதி ரெசிஸ்டரில் சூடாகப் போகும். பாஸ் சமயத்தில் கோனைப் பிடித்து நிறுத்தும் கட்டுப்பாடும் ஆம்பின் கையை விட்டுப் போய்விடுவதால் பாஸ் தொளதொளவென்று கேட்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் அந்த ரெசிஸ்டரைச் சொருகி வைத்தால் தீப்பற்றும் வாய்ப்பையும் சேர்த்தே சொருகுகிறோம். மூன்றாவது, 4 ஓமையும் 2 ஓமையும் கலந்து கட்டுவது. பாரலலில் 1.33 ஓம். சீரீஸில் 6 ஓம் என்று பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 ஓம் ஸ்பீக்கரைப் போல இரண்டு மடங்கு பவர் போகும். ஒரு கதவு கத்தும், மறு கதவு முனகும்.

சிக்னல் எடுக்கும் இடத்திலும் ஓம் வருகிறது. கம்பெனி செட்டில் ஆர்சிஏ அவுட்புட் (வெளி ஆம்புக்கான மெல்லிய சிக்னல் வரும் இணைப்பு) பெரும்பாலும் இருக்காது என்பதால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே, அந்தச் சிக்னலை அப்படியே ஏற்கும் ஆம்பின் ஹை லெவல் இன்புட்டுக்கோ, அதைக் குறைத்துக் கொடுக்கும் ஹை-லோ கன்வெர்ட்டருக்கோ கொடுக்கிறோம். கன்வெர்ட்டர் உள்ளே எடுக்கும் கரன்ட் மிகச் சொற்பம். செட்டுக்கு அது சுமையே இல்லை. சில செட்டுகள் இதையே வினையாக எடுத்துக்கொள்ளும். எதிரே ஸ்பீக்கர் இருக்கிறதா என்று சோதித்து, இல்லை என்று தோன்றினால் அந்தச் சேனலையே நிறுத்திவிடும். அப்போது ஒவ்வொரு ஜோடி ஒயருக்கும் குறுக்கே 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் சரியாகும். 9 வோல்ட் ஆர்எம்எஸ் வந்தாலும் அதில் 1.7 வாட்தான் சூடாகும். இந்த இடத்தில் 4 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போட்டு விட்டிருப்பதைப் பார்க்கிறோம். அதில் 20 வாட் விழும். தொட்டால் கை கொப்பளிக்கும், செட்டுக்கும் வீண் சுமை.

இன்னொன்று: செட்டின் ஸ்பீக்கர் நெகட்டிவ் ஒயர் எர்த் அல்ல. செட் ஆனில் இருக்கும்போது பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டிலுமே பாடியோடு ஒப்பிட்டால் பேட்டரியில் பாதி, சுமார் 6, 7 வோல்ட் டிசி நிற்கும். இரண்டு முனையிலும் ஒரே அளவாக இருப்பதால் ஸ்பீக்கருக்கு அது தெரியாது. அந்த நெகட்டிவைப் பாடியோடு சேர்த்தாலோ, நான்கு நெகட்டிவையும் ஒன்றாக முறுக்கினாலோ ஐசியின் பாதிப் பக்கம் நேரே ஷார்ட் ஆகிறது. உள்ளே எர்த் பொதுவாக இருக்கும் மலிவான கன்வெர்ட்டர்களும் இதே வேலையைச் செய்துவிடும். வாங்கியதும் இன்புட் நெகட்டிவுக்கும் ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள். பூச்சியம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெய்ன் திருகு, வால்யூம் அல்ல என்று எல்லோரும் சொல்வார்கள், எங்கே நிறுத்துவது என்று சொல்ல மாட்டார்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய வோல்டேஜ் கிடைக்கும். 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். சப்ஊஃபருக்கு 200 வாட், 4 ஓம் என்றால் 28.3. கதவில் கம்பெனி ஸ்பீக்கரே இருந்தால் அது பெரும்பாலும் 20, 30 வாட்டுக்கு மேல் தாங்காது. 25 வாட் என்று வைத்து 10 வோல்ட்டில் நிறுத்துங்கள், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் ஹை பாஸையும் போடுங்கள். ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, செட்டில் பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, முழு வால்யூமில் முக்கால் பங்கில் டெஸ்ட் டோன் ஓடவிட வேண்டும். சப்ஊஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், கதவுக்கு 1,000 ஹெர்ட்ஸ். மீட்டர் ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில், ஏசி வோல்ட்டில் இருக்கட்டும். சாதாரண மீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸில் குறைத்துக் காட்டுவது உண்டு என்பதால், கதவுக்கு ஹை பாஸைக் கொஞ்ச நேரம் ஆஃப் செய்துவிட்டு 200 ஹெர்ட்ஸ் போட்டாலும் நல்லது. இந்தக் கணக்கில் ஓமைத் தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். டூயல் 4 காயிலைப் பாரலலில் கட்டி 2 ஓம் ஆக்கிவிட்டு, 4 ஓமுக்கான 28.3 வோல்ட்டில் நிறுத்தினால் வரும் பவர் 200 அல்ல, 400 வாட். ஆம்பின் ஒவ்வொரு சேனலும் 1 ஓமைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

பேட்டரிப் பக்க ஒயர் பற்றி உங்கள் பக்கத்தில் முன்பே சொல்லியிருக்கிறார்கள் என்பதால் சுருக்கமாக. கதவுக்கு 75 வாட் வீதம் இரண்டும் சப்புக்கு 200 வாட்டும் சேர்த்து 350 வாட். கிளாஸ் ஏபி வகை ஆம்ப் சுமார் 55 சதவீதத் திறனில் ஓடினால் பேட்டரியிலிருந்து 46 ஆம்பியர் வாங்கும்; திறன் கூடிய கிளாஸ் டி வகை என்றால் 32 ஆம்பியர் அளவு. நல்ல செம்பில் 8 கேஜ் ஒயர் 8.4 சதுர மி.மீ.; 5 மீட்டர் நீளத்தில் 46 ஆம்பியருக்கு அரை வோல்ட் அளவு இழப்பு. 4 கேஜ் போட்டால் 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். கிட் என்று மலிவாக வருவது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் அது செம்பைப் போல மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே கடத்தும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதன் ஆம்பியர், ஒயர் தாங்குவதைத் தாண்டக் கூடாது. எர்த் ஒயரும் அதே தடிமன், பெயின்ட் சுரண்டிய உலோகத்தில். சீட் பெல்ட் போல்ட்டில் வேண்டாம்.

ஆம்பில் போட்டிருக்கும் ஃபியூஸே அது எத்தனை வாட் என்று சொல்லிவிடும். 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அட்டையில் 4,000 வாட் என்று போட்டிருந்தால், 30 இன்டு 13.8 என்று பெருக்குங்கள்: 414 வாட் உள்ளே போகிறது. அதில் பாதியைவிடச் சற்று அதிகம் வெளியே வரலாம்.

பொருத்திய பிறகு கோளாறு வந்தால் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தாலே பாதி புரிந்துவிடும். ஆன் செய்தவுடனே ஆம்பின் புரொடெக்ட் (தற்காப்பு) விளக்கு எரிந்தால் ஸ்பீக்கர் ஒயர் பாடியைத் தொடுகிறது அல்லது காயில் ஷார்ட். ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரியும். பாஸ் அடிக்கும்போது மட்டும் வெட்டி, சத்தம் குறைத்ததும் திரும்ப வந்தால் ஓம் தாழ்ந்திருக்கிறது. பாஸ் அடிக்கும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கினால் பவர் ஒயரையோ எர்த்தையோ பார்க்க வேண்டும். அரை மணி ஓடிய பிறகு நின்றால் சூடு; அதற்கும் தாழ்ந்த ஓம் காரணமாகலாம், சீட்டுக்கு அடியில் கார்ப்பெட் மூடிய ஆம்பும் காரணமாகலாம். வெட்டும் ஆம்புக்குப் பெரிய ஃபியூஸ் போட்டுச் சரிசெய்வதாகச் சொல்கிறவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவையும் காரின் சொந்தக்காரர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பொருத்துகிறவர் எழுதிக் கொடுத்தால் போதும். இப்போது கொடுக்கும் பில்லில் "ஆம்ப் 1, சப் 1, ஒயரிங் கிட் 1, கூலி" என்று மட்டும் இருக்கிறது. வாட் எண்ணை மட்டும் மறக்காமல் எழுதுகிறார்கள். நாளைக்கு வேறு ஊரில் ஆம்ப் நின்றால் அங்குள்ள டெக்னீஷியன் சீட்டையும் டிக்கியையும் பிரித்தால்தான் உள்ளே என்ன கட்டியிருக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு சேனலிலும் பொருத்திய பிறகு அளந்த ஓம், ஆம்ப் தாளில் உள்ள குறைந்தபட்ச ஓம், காயில்களைச் சீரீஸில் கட்டினாரா பாரலலிலா, கெய்ன் நிறுத்திய வோல்டேஜ், பேட்டரி அருகே போட்ட ஃபியூஸின் ஆம்பியர், ஒயர் செம்பா அலுமினியமா, கம்பெனி ஒயரை வெட்டினாரா அல்லது கப்ளர் வழியாக எடுத்தாரா என்று பில்லின் பின்பக்கத்தில் எழுதினால் வாரண்டிக்குப் போகும்போதும் கைகொடுக்கும். மீட்டர் கையில் இருப்பவருக்கு இதில் பத்து நிமிட வேலைகூட இல்லை. இந்த விவரங்களை ஒரு சிறு படிவமாக, வாசகர்கள் வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோகும் அளவில் உங்கள் வாகனப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படிவத்தில் முதல் கட்டம் ஓமுக்கு இருக்கட்டும். வாட்டைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கார் ஆடியோ டெக்னீஷியன் ஒருவர்,
கோயம்புத்தூர்